பாட்டிக் விற்று வாங்கிய நிலம்

இந்த முறை ஓவியக் கண்காட்சிகளின் வரலாறு. "பி.காம் படிக்கிறவனுக்கு ஓவியத்துல என்னடா வேலை?"ன்னு கேக்குறவங்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வரைகிற ஆளுக்கு ரெண்டு பிரச்சினை. ஒன்று, படத்தை மாட்ட ஒரு சுவர் வேண்டும். இரண்டு, அடுத்த மாசம் அரிசி வாங்கக் காசு வேண்டும். ரெண்டாவது நம்ம டிபார்ட்மென்ட் விஷயம்தானே? முதலாவதும் நம்ம விஷயம்தான் என்பது போகப் போகத் தெரியும்.

இன்றைக்கு நகரத்தில் நாலு உள்ளூர் ஓவியர்கள் சேர்ந்து ஒரு பொது ஹாலில் படம் மாட்டினால், அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஹால் வாடகை, பிரேம், நோட்டீஸ், லைட், டீ. யார் தருகிறார்கள் இந்தக் காசை? இந்த ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மதுரையிலிருந்து கிளம்பி, பாரீஸ் போய், சென்னை இஞ்சம்பாக்கத்தில் இறங்கலாம். வாங்க.

அழகர்மலையில் ஒரு ரசீது

மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கம் போனால் கிடாரிப்பட்டி. அங்கே அழகர்மலையில் சமண முனிவர்கள் தங்கிய குகையும் கற்படுக்கைகளும் இருக்கின்றன. மேலே பாறை விளிம்பில் தமிழ்பிராமி எழுத்துகள். ஏறக்குறைய 2000 வருஷம் பழசு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? தத்துவமா? இல்லை. யார் யார் கொடுத்தார்கள் என்கிற பட்டியல்!

உப்பு வணிகன், பணித வணிகன் (வெல்லப்பாகு வியாபாரி), கொழு வணிகன் (கலப்பை இரும்பு விற்றவர்), அறுவை வணிகன் (துணி வியாபாரி). கூடவே மதுரையைச் சேர்ந்த பொற்கொல்லர் ஒருவர், ஆதன் ஆதன் என்று பெயரோடு. இன்றைக்குக் கோயில் டியூப்லைட்டில் "உபயம்" என்று பெயர் எழுதுகிறோமே, அதற்கு இதுதான் மூதாதை. நம்ம ஊரில் கல்லில் எழுதப்பட்ட மிகப் பழைய கணக்குகளில் ஒன்று இது என்று நான் வகுப்பில் சொன்னால் யாராவது கேட்பார்களா தெரியாது. நீங்களாவது கேளுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, கொடுத்தவர்கள் ராஜாக்கள் இல்லை. கடைக்காரர்கள், கைவினைஞர்கள். நாலு பேர் சேர்ந்து பங்கு போட்டு ஒரு பொது இடத்தைச் செய்து கொடுத்திருக்கிறார்கள். இந்த மாடலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

கோயில் சுவர்: ஊரே பார்த்த கேலரி

அப்புறம் நாயக்கர் காலம். மீனாட்சியம்மன் கோயில் பொற்றாமரைக் குளத்தைச் சுற்றியிருக்கும் மண்டபச் சுவர்களில் திருவிளையாடல் கதைகளை வரைந்திருந்தார்கள். ஊஞ்சல் மண்டபத்து விதானத்தில் மீனாட்சி பட்டாபிஷேகம், அதே ஓவியத்தில் ராணி மங்கம்மாளும் இருக்கிறார். காசு கொடுத்தவர் படத்துக்குள்ளேயே நிற்கிறார்! அழகர்கோயில் வசந்த மண்டபத்தில் ராமாயணம் முழுக்கப் படமாக ஓடும், படத்துக்குப் படம் தமிழில் விளக்கக் குறிப்போடு. கேலரியில் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை ஒட்டுவார்களே, அதே வேலை.

டிக்கெட் கிடையாது. திருவிழாவுக்கு வந்த கிராமத்து ஜனம் அத்தனையும் பார்த்திருக்கும். (எல்லாச் சாதியையும் எல்லாக் காலத்திலும் உள்ளே விட்டார்களா என்பது வேறு கேள்வி. மீனாட்சி கோயிலுக்குள் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939 ஜூலையில்தான். வைத்தியநாத ஐயரும் அவரோடு கக்கனும் மற்றவர்களும் உள்ளே போன நாள் அது. ஆகவே "ஊரே பார்த்தது" என்று தலைப்பில் சொன்னதைக் கொஞ்சம் குறைத்தே படியுங்கள்.)

ஆனால் ஒரு சோகம். அந்தச் சுவர்களில் யார் வரைந்தார்கள் என்று நமக்குப் பெயர் தெரியாது. ராணி பெயர் தெரிகிறது, மந்திரி பெயர் தெரிகிறது, தூரிகை பிடித்தவர் பெயர் தெரியாது. இன்னொரு சோகம், பொற்றாமரைக் குளத்துப் பழைய ஓவியங்களில் பெரும்பகுதி இன்றைக்கு இல்லை. எண்ணெய்ப் புகை, மழைக்கசிவு, சுண்ணாம்பு, "திருப்பணி" எல்லாம் சேர்ந்து முடித்துவிட்டன. சுவர் யாருடையதோ அவர் நினைத்தால் படம் இருக்கும், நினைக்காவிட்டால் வெள்ளையடித்துவிடுவார்கள். அவ்வளவுதான்.

திரை, காலண்டர், பேனர்

ராஜாக்கள் போனார்கள். ஓவியர்கள் எங்கே போனார்கள்? நாடகக் கம்பெனிகளுக்குப் போனார்கள். மதுரை நாடகக் கம்பெனிகளுக்குப் பேர் போன ஊர். அரண்மனை, காடு, தர்பார் என்று திரைச்சீலை வரைய ஆள் வேண்டும்.

அப்படிச் சீன் வரைந்தவர்களில் ஒருவர்தான் சி.கொண்டையராஜு. 1898-ல் மயிலாப்பூரில் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், திருவண்ணாமலை ரமணாசிரமத்திலும் சில காலம் இருந்தவர். அவர் வேலை பார்த்த நாடகக் கம்பெனி 1940-களில் கலைந்தபோது கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். சீடர்களோடு வரைந்து தள்ளினார். பக்கத்தில் சிவகாசி, அங்கே அச்சகங்கள். அப்புறம் என்ன? முருகன், லட்சுமி, மீனாட்சி கல்யாணம் என்று அவர் கையால் வந்த சாமிகள் தென்னாட்டுப் பூஜையறைகளிலும் மளிகைக் கடைகளிலும் சலூன்களிலும் ஏறி உட்கார்ந்தார்கள். 1976-ல் காலமானார். உங்கள் பாட்டி வீட்டு காலண்டரின் மூலையில் "சி.கொண்டையராஜு" என்ற பெயர் இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இதைவிடப் பெரிய கண்காட்சி எந்த ஊரில் நடந்திருக்கிறது? ஒவ்வொரு வீட்டுச் சுவரும் கேலரி! ஆனால் கணக்கைப் பாருங்கள். காலண்டர் தொழிலில் ஓவியருக்குப் படத்துக்கு இவ்வளவு என்று ஒரே ஒரு தடவை காசு. அதற்கப்புறம் ஆயிரமாயிரமாய் அச்சடித்தாலும் அது வியாபாரிக்கு.

சினிமா வந்ததும் பேனர். 1952-ல் 'பராசக்தி'யோடு திறந்த மதுரை தங்கம் தியேட்டர், ஆசியாவிலேயே பெரிய தியேட்டர்களில் ஒன்று என்று பேசப்பட்டது. அவ்வளவு பெரிய தியேட்டர் வாசலுக்கு எவ்வளவு பெரிய பேனர் வேண்டும், யோசியுங்கள். சதுரக் கட்டம் போட்டு, ஒரு சின்ன ஸ்டில்லைப் பார்த்து, முப்பது நாற்பது அடிக்கு முகம் வரைந்த கைகள் இந்த ஊரில் இருந்தன. 2000-க்குப் பிறகு டிஜிட்டல் பிளெக்ஸ் பிரின்டிங் வந்தது. சில வருஷத்துக்குள் அந்தத் தொழிலே மடங்கிவிட்டது. தங்கம் தியேட்டரும் இப்போது இல்லை, அந்த இடத்தில் ஜவுளிக்கடை.

கோயில், நாடகம், காலண்டர், பேனர். நாலிலும் பொதுவான விஷயம் ஒன்றுதான். சுவர் ஓவியருடையது இல்லை. சுவர்க்காரர் முடிவு மாறினால் ஓவியர் தெருவில்.

பாரீஸில் ஒரு கம்பெனி கலைந்த கதை

இப்போது கொஞ்சம் வெளிநாடு. 1874-ல் பாரீஸில் மோனே, ரென்வார், தெகா, பிசாரோ என்று ஓவியர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அரசாங்கத்தின் அதிகாரபூர்வக் கண்காட்சியில் நடுவர்கள் இவர்கள் படங்களைத் தள்ளிக்கொண்டே இருந்ததால், "நாமே கண்காட்சி போடுவோம்" என்று இறங்கினார்கள். எப்படி? கூட்டுப்பங்கு நிறுவனமாகப் பதிவு செய்து! கார்ப்பரேட் அக்கவுன்டிங் புத்தகத்தில் இதை ஏன் சேர்க்கவில்லை என்று எனக்கு வருத்தம்.

ஆளுக்கு வருஷத்துக்கு 60 பிராங்க் சந்தா. போட்டோகிராபர் நாடாரின் பழைய ஸ்டூடியோவில் (நம்ம ஊர் நாடார் இல்லை, அது அவர் புனைபெயர்!) ஏப்ரல் 15 முதல் ஒரு மாதம். நுழைவுக் கட்டணம் 1 பிராங்க். சுமார் 3500 பேர் வந்தார்கள், பாதிப் பேர் சிரிக்கத்தான் வந்தார்கள். படம் பெரிதாக விற்கவில்லை. டிசம்பரில் கணக்குப் பார்த்தபோது ஒவ்வொரு உறுப்பினரும் 184 பிராங்க் 50 சென்டீம் கடன் பாக்கி. கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள்.

அந்தப் படங்களுக்கு இன்றைக்கு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். படம் உலகத்தை மாற்றியது, கம்பெனி ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. ஏன்? அவர்களுடைய வருமானம் முழுக்க, கண்காட்சியில் வரும் டிக்கெட்டையும் விற்கும் படத்தையும் நம்பியிருந்தது. புது மாதிரிப் படத்துக்குச் சந்தை உருவாக வருஷக்கணக்கில் ஆகும். வாடகை மாசாமாசம் வரும். இந்த இடைவெளிக்கு வேறு வழி வைக்கவில்லை என்பதே விஷயம்.

இந்த இடைவெளியை அடைத்துக் காட்டியவர்கள் நம்ம தமிழ்நாட்டில் இருந்தார்கள். அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று.

பணிக்கர் போட்ட கணக்கு

கே.சி.எஸ்.பணிக்கர். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தார். வீட்டு நிலைமையால் படிப்பை விட்டுத் தந்தித் துறையில் வேலை பார்த்தவர். 25 வயதில்தான் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் ஆரம்பித்த பள்ளி அது. மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் அங்கே முதல் இந்திய முதல்வர். அவருக்குப் பின் 1957-ல் பணிக்கர் முதல்வர் ஆனார்.

1944-லேயே முற்போக்கு ஓவியர் சங்கம் ஒன்றைத் தொடங்கியவர் அவர். முதல்வரான பிறகு அவரை அரித்தது ஒரே கேள்வி. நன்றாக வரைகிற பையன்கள் டிப்ளமோ வாங்கிக்கொண்டு வெளியே போனதும் என்ன ஆகிறார்கள்? ஒருவர் டிராயிங் மாஸ்டர், ஒருவர் விளம்பரக் கம்பெனி, ஒருவர் நெசவாளர் சேவை மையத்தில் டிசைன் வேலை. வேலை தப்பில்லை. ஆனால் முழு நாளும் வேலைக்குப் போனால் சொந்தப் படம் எப்போது? வேலைக்குப் போகாவிட்டால் சாப்பாடு எப்போது? சென்னையில் அன்றைக்கு நவீன ஓவியம் வாங்க ஆளும் கிடையாது, காட்டக் கேலரியும் கிடையாது என்கிற மாதிரி நிலைமை.

பணிக்கரும் மாணவர்களும் கண்டுபிடித்த வழி: படத்தை விற்று வாழ முயலாதே. கைத்தொழில் செய்து வாழ், படத்தைச் சுதந்திரமாக வரை. 1960-களின் தொடக்கத்தில் ஓவியர்கள் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். துணியில் மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் பாட்டிக், தோல் வேலை, பீங்கான், உலோக வேலை என்று செய்தார்கள். கண்காட்சி போட்டு விற்றார்கள். நவீன ஓவியத்தைத் திரும்பிப் பார்க்காத சென்னை, பாட்டிக் துணியை வாங்கித் தீர்த்தது!

அந்தக் காசில் 1966-ல் நகரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில், இஞ்சம்பாக்கம் என்ற ஊரில் எட்டு பத்து ஏக்கர் அளவுக்கு நிலம் வாங்கினார்கள். சுற்றிலும் மணலும் சவுக்கும். கரண்ட் இல்லை. ஓலைக் குடிசை போட்டுக் குடியேறினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் சேர்ந்தது. பெயர் சோழமண்டலம் ஓவியர் கிராமம். கோரமண்டல் என்று வெள்ளைக்காரன் திரித்த பெயரைத் திரும்ப நேராக்கி வைத்த மாதிரி.

ஜே.சுல்தான் அலி, எஸ்.ஜி.வாசுதேவ், வி.விஸ்வநாதன், அக்கித்தம் நாராயணன், எம்.சேனாதிபதி, பி.கோபிநாத், பணிக்கரின் மகன் சிற்பி எஸ்.நந்தகோபால் என்று இந்திய நவீனக் கலையில் முக்கியமான பெயர்கள் இந்த மணலோடு சேர்ந்தவை. பணிக்கர் 1977-ல் இறந்தார். கிராமம் இறக்கவில்லை. 2009-ல் அங்கேயே சென்னை ஓவிய இயக்கத்துக்கான மியூசியம் திறந்தார்கள். வெளி ஓவியர்கள் வாடகைக்கு எடுத்துக் கண்காட்சி வைக்க லேபர்னம், இண்டிகோ என்று ரெண்டு கேலரிகள். அன்றைக்கு மாட்டச் சுவர் இல்லாமல் அலைந்தவர்கள், பின்னால் மற்றவர்களுக்குச் சுவர் கொடுக்கிற நிலைக்கு வந்துவிட்டார்கள்.

நாலு வருஷம் படிக்காமலே சொல்லக்கூடிய பாடம் இதில் இருக்கிறது. தினசரிச் செலவுக்கு வேகமாக விற்கும் சரக்கு ஒன்று (பாட்டிக்). மெதுவாக மதிப்பு ஏறும் சரக்கு ஒன்று (ஓவியம்). முன்னதில் வந்த லாபத்தைச் சாப்பிட்டுத் தீர்க்காமல் நிலையான சொத்தில் (நிலம்) போட்டது. பாரீஸ்காரர்கள் கோட்டை விட்டது இந்த மூன்றாவதில்தான். இன்றைக்கு அந்த இடம் கிழக்குக் கடற்கரைச் சாலை, 2011-லிருந்து சென்னை மாநகராட்சிக்குள். நிலத்தின் விலையை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மறுபேச்சும் உண்டு. "கைக்குட்டைக்குச் சாயம் போடுகிற கை, கான்வாஸிலும் அலங்காரமாகத்தானே வரையும்?" என்று கேட்கலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. அழகர்மலையில் பெயர் வெட்டிய பொற்கொல்லரைக் கேட்டால் கைத்தொழில் வேறு, கலை வேறு என்று ஒத்துக்கொள்வாரா? ஆனால் இன்னொரு உண்மையை மறைக்கக் கூடாது. கே.ராமானுஜம் என்று ஒரு ஓவியர். திருவல்லிக்கேணிக்காரர், பேச்சு திக்கும், மனநோயும் இருந்தது. கனவு மாதிரி நகரங்களை மை கொண்டு வரைந்தவர். சோழமண்டலத்தில்தான் இருந்தார். 1973-ல், முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியபோது, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். கூரையும் சோறும் நண்பர்களும் கொடுக்கிற ஒரு ஏற்பாடு எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. அது இல்லாமல் இருந்திருந்தால் அவர் படங்களாவது மிஞ்சியிருக்குமா என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மதுரைக்குத் திரும்புவோம்

மதுரை மண்ணில் வரைகிறவர்களுக்குப் பஞ்சம் இல்லை. டிராட்ஸ்கி மருது நம்ம ஊர்க்காரர். ஆனால் அரசுக் கவின்கலைக் கல்லூரி என்றால் சென்னை, கும்பகோணம் இரண்டுதான், ஆகவே படிக்க வெளியே போக வேண்டும். கேலரிக்குப் போகாத நம்ம கரிசல் காட்டு ஜனங்களுக்கு நவீன ஓவியம் வந்து சேர்ந்த வழியே வேறு. கி.ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது ஆதிமூலம் போட்ட கோடுகள் டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்தன. டீக்கடையும் கேலரிதான்!

இன்னொருவர் மனோகர் தேவதாஸ். 1936-ல் மதுரையில் பிறந்தவர், அமெரிக்கன் கல்லூரியில் கெமிஸ்ட்ரி படித்தவர், சென்னையில் பேட்டரி கம்பெனி வேலை. கண்ணின் விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகும் நோய். அவர் மனைவி மஹிமா 1972-ல் கார் விபத்தில் கழுத்துக்குக் கீழே அசைய முடியாமல் போனார். இருவரும் சேர்ந்து செய்தது என்ன தெரியுமா? அவர் மீனாட்சி கோயில், யானைமலை, மதுரைத் தெரு என்று நுணுக்கமான மைக்கோட்டு ஓவியங்கள் வரைய, அவற்றை வாழ்த்து அட்டைகளாக அச்சடித்து விற்று, வருமானத்தைத் தர்ம காரியங்களுக்குக் கொடுத்தார்கள். 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022 டிசம்பரில் காலமானார். சோழமண்டலத்துக்குப் பாட்டிக் எப்படியோ, இவருக்கு வாழ்த்து அட்டை அப்படி. சின்ன விலைச் சரக்கு, பெரிய படத்தைச் சுமந்துகொண்டு போகிறது.

சரி, ஊருக்குப் பொதுவான இடம்? மங்கம்மாள் காலத்துத் தமுக்கம் அரண்மனையில்தான் காந்தி மியூசியம் இருக்கிறது. நேரு 1959 ஏப்ரல் 15-ல் திறந்து வைத்தார். (பாரீஸ்காரர்கள் கண்காட்சி திறந்ததும் ஏப்ரல் 15. சும்மா ஒரு ஒற்றுமை.) எதிரே தமுக்கம் மைதானம், சித்திரைப் பொருட்காட்சி நடந்த இடம். அப்பளம், ராட்டினம், வளையல் கடை என்று எல்லாவற்றுக்கும் ஸ்டால் போட்டுப் பழகிய ஊர் இது. பெங்களூரில் சித்ரகலா பரிஷத் "சித்ர சந்தே" என்று வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோட்டையே ஓவியச் சந்தை ஆக்குகிறார்கள். நூறு ரூபாய்ப் படமும் உண்டு, லட்ச ரூபாய்ப் படமும் உண்டு. சித்திரைத் திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் ஜனம் திரளும் ஊரில் மாசி வீதி ஒன்றை ஒரு நாள் ஓவியர்களுக்கு விட்டால் என்ன?

என் கருத்தைச் சொல்லி முடிக்கிறேன். உள்ளூர் ஓவியர்கள் ஒரு சமூகக் கூடத்தில் கண்காட்சி வைக்கும்போது நாம் "பாவம், ஆதரவு கொடுங்கள்" என்ற தொனியில் பேசுகிறோம். அந்தத் தொனி வேண்டாம். கேட்க வேண்டியது வேறு. கூடத்து வாடகையை எது கட்டப் போகிறது? படம் விற்றால்தான் கட்ட முடியும் என்றால் அந்தக் கூடம் ரெண்டு வருஷத்தில் மூடும், பாரீஸ் மாதிரி. கார்டு, சுங்குடியில் புது டிசைன், பிள்ளைகளுக்கு லீவு கிளாஸ், போர்டு எழுதுகிற வேலை என்று பக்கத்திலேயே ஒரு சின்ன வருமானம் ஓடினால் கூடம் நிற்கும், படமும் யாருக்கும் பயப்படாமல் வரும். பேனர் வரைந்து கை ஓய்ந்த பெரியவர்கள் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள். கட்டம் போட்டு நாற்பது அடி முகம் வரையும் வித்தையைச் சொல்லிக் கொடுக்க அவர்களுக்கு ஒரு இடம் வேண்டும். அது புத்தகத்தில் இல்லை, அவர்களோடு போய்விடும்.

அடுத்த தடவை எங்காவது ஹால் வாசலில் "ஓவியக் கண்காட்சி, அனுமதி இலவசம்" என்று பார்த்தால் உள்ளே போங்கள். படம் வாங்கக் காசு இல்லாவிட்டால் இருபது ரூபாய்க்கு ஒரு கார்டு வாங்குங்கள். வரைந்தவர் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொற்றாமரைக் குளத்துச் சுவரில் வரைந்தவர்கள் பெயர்தான் நமக்குக் கிடைக்கவில்லை.